பதினோராயிரம் பேர் பின்தொடர்ந்தும் எண்ணெய் நகராதது ஏன்?

வாசகர் கடிதம்: ஈரோடு மாவட்டம் சிவகிரிக்குப் பக்கத்தில் ஆறு ஆண்டுகளாக மரச்செக்கு நடத்துகிறேன். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகிய மூன்றும் உண்டு. வழக்கமாக வாங்கும் குடும்பங்கள் சுமார் 400. மாதம் 300 லிட்டர் விற்கிறது. செலவு போக லிட்டருக்கு 60 ரூபாய் நிற்கும். சென்ற ஆண்டு இணைய விளம்பரம் செய்து தருவதாக ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். மாதம் 15,000 ரூபாய் வீதம் ஆறு மாதம் கொடுத்தேன். இன்ஸ்டாகிராமில் 11,000 பேர் பின்தொடர்கிறார்கள். அதன் மூலம் எண்ணெய் வாங்கியவர்கள் 22 பேர். அவர்களிலும் ஒன்பது பேர்தான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 5 லிட்டர் கேன் கேட்டு வாங்குகிறார்கள். இப்போது 60,000 ரூபாயில் இணையதளம் போட்டால் இந்தியா முழுவதும் விற்கலாம் என்கிறார்கள். படிப்பை முடித்திருக்கும் மகன் செய்யலாம் என்கிறான், மனைவி வேண்டாம் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

அன்புடையீர்,

எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை "வியாபாரம் மந்தம், வழி சொல்லுங்கள்" என்ற அளவில் நின்றுவிடும். நீங்கள் எண்களோடு எழுதியிருப்பதால் என் வேலை பாதி குறைந்துவிட்டது. இணையதளத்துக்கு இப்போது பணம் கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். இந்த மட்டில் உங்கள் மனைவி சொல்வதே சரி. ஆனால் இணையமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகன் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அது அவர் மனதில் வைத்திருக்கும் வேலையாக இராது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் செலவான பணத்தைப் பார்ப்போம். ஆறு மாதத்தில் 90,000 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். வாங்கியவர்கள் 22 பேர் என்றால், ஒருவரை ஒருமுறை வாங்க வைக்கவே 4,000 ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கிறது. எண்ணெய் ஒருமுறை வாங்கி முடிகிற பொருளாக இருந்தால் கணக்கை இதோடு மூடிவிடலாம். அது மாதாமாதம் தீர்ந்துபோகும் பொருள் என்பதால், திரும்பி வந்தவர்களை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒன்பது பேருக்கு 90,000, அதாவது ஆளுக்கு 10,000 ரூபாய். அவர்கள் வாங்குவது மாதக் கணக்கில் இரண்டரை லிட்டர். உங்களுக்கு நிற்பது 150 ரூபாய். ஒருவரைப் பிடிக்கப் போட்ட பணம் திரும்பி வர ஐந்தரை ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் அவர் வீடு மாறலாம், பக்கத்துத் தெருவில் இன்னொரு செக்குக் கடை திறக்கலாம், அனுப்பிய கேன் ஒன்று வழியில் ஒழுகி அவர் மனம் கசந்தும் போகலாம்.

இதற்காக அந்த நிறுவனத்தாரை நான் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். பின்தொடர்வோரின் எண்ணிக்கையைக் கூட்டித் தருவதாகத்தான் அவர்கள் சொல்லியிருப்பார்கள். அதைச் செய்தும் காட்டிவிட்டார்கள். செக்கு சுற்றும் காட்சி கண்ணுக்கு இதமானது. அதைச் சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் பார்த்து விருப்பக்குறி போடுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களில் உங்கள் கடைக்கு வண்டியில் வந்து எண்ணெய் வாங்கக்கூடிய தொலைவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது இன்ஸ்டாகிராம் தொழில்முறைக் கணக்கின் புள்ளிவிவரப் பகுதியிலேயே ஊர்வாரியாகத் தெரியும். மகனை இன்றைக்கே அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஈரோடு, கொடுமுடி, முத்தூர், வெள்ளகோவில் ஆகிய ஊர்களின் பெயர்கள் அதில் மேலே இல்லையென்றால், அந்தப் பதினோராயிரம் பேரும் உங்கள் செக்கை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் கடிதத்தில் நான் நெடுநேரம் நின்ற இடம் வேறு. 400 குடும்பங்கள், மாதம் 300 லிட்டர் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வகுத்துப் பாருங்கள், ஒரு குடும்பம் மாதத்துக்கு உங்களிடம் வாங்குவது முக்கால் லிட்டர்தான். நாலு பேர் உள்ள வீட்டில் தாளிக்க, பொரிக்க, இட்லிப்பொடிக்கு ஊற்ற, விளக்கேற்ற என்று எல்லாம் சேர்த்தால் மூன்று லிட்டருக்குக் குறையாது. அப்படியானால் மீதி இரண்டேகால் லிட்டரை இந்தக் குடும்பங்கள் வேறு எங்கோ வாங்குகின்றன. உங்களை நம்பி, உங்கள் எண்ணெயின் மணம் தெரிந்து, உங்கள் கடை வாசலுக்கே வருகிற மக்கள், தங்கள் தேவையில் முக்கால் பங்கை மளிகைக் கடையில் பாக்கெட்டாக வாங்குகிறார்கள். விலை கூடுதல் என்பதால் பொரிப்பதற்கு மட்டும் வேறு எண்ணெய் வைத்திருக்கலாம். உங்களிடம் தேங்காய் எண்ணெயும் கிடைக்கும் என்பதே சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். தீர்ந்துபோன அன்றைக்கு உங்கள் கடை ஞாபகம் வராமல், எதிரே இருந்த கடையில் வாங்கியிருக்கலாம். இவற்றில் முதல் காரணத்தை மாற்றுவது கடினம். மற்ற இரண்டையும் ஒரு கைப்பேசியை வைத்தே சரிசெய்துவிடலாம்.

இந்த 400 குடும்பங்களில் நூறு குடும்பங்கள் மட்டும் மாதம் ஒரு லிட்டர் கூடுதலாக வாங்கினால் உங்களுக்கு 6,000 ரூபாய் கூடுதலாக நிற்கும். இன்ஸ்டாகிராம் வழி வந்த ஒன்பது பேரும் சேர்ந்து மாதம் தருவது 1,350 ரூபாய். எந்தப் பக்கம் முதலில் உழைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

எனவே மகனுக்கு முதல் வேலை, வாடிக்கையாளர் பட்டியல் எடுப்பது. கடையில் பற்று நோட்டு இருக்கும். அதில் சிலருடைய எண்கள் இருக்கும். மீதிப் பேரிடம் அடுத்த ஒரு மாதம் கல்லாவில் நின்றபடியே கேட்டு வாங்க வேண்டும்: பெயர், ஊர், கைப்பேசி எண், எந்த எண்ணெய் எவ்வளவு, வாங்கிய தேதி. "புது எண்ணெய் ஆட்டியதும் தகவல் சொல்லலாமா?" என்று கேட்டு, சரி என்றவர்களின் எண்ணை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். நாகரிகத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒருவருடைய விவரங்களை அவர் இசைவோடு பெற வேண்டும் என்பதற்கு 2023 ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலை வேறு எந்தக் கடைக்கும் கைமாற்றிக் கொடுத்துவிடவும் கூடாது.

அடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ் செயலி. இது இலவசம். வீட்டு எண்ணில் வைக்காமல் கடைக்கென்று தனி சிம் வாங்கி அதில் வையுங்கள்; சிம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். மூன்று எண்ணெய்க்கும் படம், அளவு, விலை போட்டுப் பொருள் பட்டியல் அமைக்க அதில் வசதி உண்டு. வாடிக்கையாளர்களுக்கு அடையாளச் சீட்டு ஒட்டுவதுபோல, "கடலை எண்ணெய் மட்டும்", "மூன்றும் வாங்குபவர்", "விளக்கேற்ற வாங்குபவர்" என்று நீங்களே பிரித்து வைத்துக்கொள்ளலாம். குழு மட்டும் தொடங்காதீர்கள். நூறு பேரை ஒரு குழுவில் சேர்த்தால் ஒருவர் எண் மற்றவர்க்குத் தெரிந்துவிடும். இரண்டாம் நாள் காலை வணக்கப் படங்களும் அரசியலும் வந்து சேரும். மூன்றாம் நாள் பாதிப் பேர் வெளியேறிவிடுவார்கள். அதற்குப் பதிலாக ஒலிபரப்புப் பட்டியல் என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் அது தனக்கு மட்டும் வந்த செய்தியாகவே தெரியும். இதில் பலர் கவனிக்காத ஒரு நிபந்தனை இருக்கிறது. உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்க்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். ஆகையால் எண் வாங்கும்போதே, "எங்கள் நம்பரைச் செக்குக் கடை என்று சேவ் செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லி, அவர் கண்முன்னே ஒரு செய்தி அனுப்பிவிடுவது நல்லது. பாட்டில் லேபிளிலும் அந்த எண் பெரிதாக இருக்க வேண்டும். எண்ணெய் தீரும் நேரத்தில் அடுப்பங்கரையில் கண்ணுக்கு எதிரே நிற்பது அந்தப் பாட்டில்தான்.

என்ன அனுப்புவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தினமும் ஒரு சுகாதாரக் குறிப்பு, வெள்ளிக்கிழமை ஒரு சாமி படம் என்று அனுப்பினால் ஒரு மாதத்தில் உங்கள் எண்ணை முடக்கிவிடுவார்கள். பலர் அப்படி முடக்கிப் புகாரும் செய்தால் வாட்ஸ்அப் நிறுவனமே உங்கள் கணக்கை நிறுத்திவிடக்கூடும். பல்லாயிரம் பேருக்கு ஒரே சொடுக்கில் அனுப்பலாம் என்று விற்கப்படும் மென்பொருள்களை நீங்கள் தொடவே கூடாது என்று நான் சொல்வதும் இதனால்தான். மாதத்துக்கு இரண்டு செய்தி போதும். "நாலு நாளைக்கு முன்பு ஆட்டிய நல்லெண்ணெய் தெளிந்து தயாராக இருக்கிறது. எள் சிவகிரி ஏலத்தில் எடுத்தது. வேண்டிய அளவை எழுதினால் மாலைக்குள் எடுத்து வைக்கிறோம்" என்கிற வகையில் இருந்தால் அது விளம்பரமாகவே தோன்றாது. இன்னொன்று, போன மாதம் மூன்றாம் தேதி இரண்டு லிட்டர் வாங்கிய குடும்பத்துக்கு இந்த மாதம் ஒன்றாம் தேதி வாக்கில் தனியாக ஒரு வரி அனுப்புவது. எழுதப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு உங்கள் குரலிலேயே பதிவு செய்து அனுப்புங்கள். கடையில் அவர்கள் கேட்டுப் பழகிய குரல் அது; அதற்கு வரும் பதில் எந்த அழகிய படத்துக்கும் வராது.

இந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கூகுள் மேப்பில் உங்கள் கடையைச் சேர்த்துவிடுங்கள். இதுவும் இலவசம்தான். ஈரோட்டிலோ வெள்ளகோவிலிலோ இருக்கும் ஒருவர் "மரச்செக்கு எண்ணெய்" என்று தேடும்போது அவர் நிற்கும் இடத்துக்கு அருகில் இருக்கும் கடைகளைத்தான் கூகுள் முதலில் காட்டும். கொடுமுடிக்கு ஆடிப்பெருக்குக்கு வருகிற வெளியூர்க்காரர் எண்ணெய் தேடுவதும் அப்படித்தான். பதிவு செய்யும்போது கடை நீங்கள் நடத்துவதுதான் என்பதைச் சரிபார்க்க, பெரும்பாலும் கடையின் முகப்பையும் உட்புறத்தையும் காணொளியாக எடுத்து அனுப்பச் சொல்வார்கள். பலகையில் உள்ள பெயரே பதிவிலும் இருக்கட்டும். பெயரோடு "சிறந்த மரச்செக்கு எண்ணெய் ஈரோடு" என்றெல்லாம் ஒட்டவைத்தால் பதிவையே முடக்குவார்கள். வரைபடத்தில் முள் சரியான இடத்தில் குத்தியிருக்கிறதா என்று நீங்களே வண்டியில் வந்து பாருங்கள். தோட்டத்துப் பாதையில் இருக்கும் செக்குக்கு ஆள் வராமல் போவதற்குப் பல நேரம் இதுவே காரணம். வாடிக்கையாளர்களிடம் கருத்து எழுதச் சொல்லலாம். ஆனால் அதற்காகத் தள்ளுபடியோ இலவசமோ தருவதாகச் சொல்வது கூகுளின் விதிக்கு எதிரானது. குறை எழுதினவர்க்குக் கோபப்படாமல் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலைப் படிக்கப்போகிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

இன்ஸ்டாகிராமை மூட வேண்டாம். அங்கே பேசுகிற பேச்சைத்தான் மாற்ற வேண்டும். உங்கள் பக்கத்தைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. நீங்கள் முகவரி அனுப்பவில்லை. ஆனால் இத்தகைய பக்கங்களில் "சர்க்கரை நோய் குணமாகும்", "இரத்த அழுத்தம் ஓடிப்போகும்" என்ற வாசகங்களை நான் பார்க்காத நாளில்லை. உங்கள் பக்கத்தில் அப்படி ஏதேனும் இருந்தால் இன்றிரவே எடுத்துவிடுங்கள். இத்தகைய நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உணவுப் பொருளைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் 2006 ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விளம்பரத்தை எழுதிக் கொடுத்த நிறுவனம் அப்போது பக்கத்தில் நிற்காது. "கொழுப்புச்சத்து இல்லாத எண்ணெய்" என்று எழுதுவது வேடிக்கை, ஏனென்றால் எண்ணெய் முழுவதும் கொழுப்புத்தான். "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்பதிலும் பெருமைக்கு இடமில்லை. தாவர எண்ணெய் எதிலுமே அதைப் பொருட்படுத்தும் அளவுக்குக் காண முடியாது, மளிகைக் கடைப் பாக்கெட் எண்ணெய் உட்பட.

அதற்குப் பதிலாக உங்களால் மட்டுமே காட்ட முடிகிறதைக் காட்டுங்கள். சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் எள் ஏலம் எடுக்கும் காலை நேரம், மூட்டையில் கைவிட்டு எள்ளைப் பார்க்கும் விதம், எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பதன் காரணம், ஆட்டிய எண்ணெய் தெளிய எத்தனை நாள் ஆகிறது என்பவை எல்லாம் பார்க்கிறவர்க்குப் புதிய செய்திகள். எல்லாவற்றிலும் பயனுள்ளது விலைக் கணக்கு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். இந்த வாரம் பருப்பு கிலோ என்ன விலை, புண்ணாக்கு விற்றதில் எவ்வளவு திரும்பியது, ஆட்டுக்கூலி எவ்வளவு, ஆகவே பாட்டிலின் விலை இவ்வளவு என்று ஒரு நிமிடத்தில் நீங்கள் சொல்லிக் காட்டினால், பருப்பு விலையைவிடக் குறைவாக எண்ணெய் விற்கும் கடைகளைப் பற்றிப் பார்க்கிறவரே யோசிக்கத் தொடங்குவார். நீங்கள் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. விலை கூடுதல் என்று முன்பு சொன்னேனே, அந்தக் கடினமான காரணத்தைக் கொஞ்சமாவது அசைக்கக்கூடிய ஒரே பேச்சும் இதுதான். இந்தக் காணொளியை வாட்ஸ்அப் பட்டியலுக்கும் அனுப்புங்கள்.

கட்டண விளம்பரம் செய்வதென்றால் ஆண்டில் இரண்டு மூன்று முறை, சில நாட்களுக்கு மட்டும் செய்யுங்கள். இடுகைக்குக் கீழே இருக்கும் விளம்பரப் பொத்தானை அப்படியே அழுத்திவிடாமல், கடையைச் சுற்றி இருபது கிலோமீட்டர் என்று எல்லை வகுத்து, விளம்பரத்தைத் தொட்டால் நேரே உங்கள் வாட்ஸ்அப் திறக்கும்படி அமையுங்கள். ஒரு நாளைக்கு 200 ரூபாய், பத்து நாள், அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்ற அளவில் தொடங்கினால் இழப்பு வந்தாலும் தாங்கலாம். எள் ஏலத்தில் வியாபாரிகள் கூடும் நாளில் விலை ஏறுவது உங்களுக்குத் தெரியும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பர இடமும் ஏலத்தில்தான் போகிறது. தீபாவளிக்கு முந்தைய வாரம் துணிக்கடையும் நகைக்கடையும் பெரும் பணத்தோடு ஏலத்துக்கு வந்து நிற்கும். உங்கள் 200 ரூபாய் அங்கே எடுபடாது. எண்ணெய்க் குளியலை மனதில் வைத்து மூன்று வாரம் முன்பே தொடங்கி, அவர்கள் வரும்போது நீங்கள் விலகிவிடுங்கள். விளம்பரத்தைப் பார்த்து வந்தவர் யார் என்பதை அந்த வாட்ஸ்அப் உரையாடலிலேயே குறித்து, அவர் இரண்டாம் முறை வாங்கினாரா என்று மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். அந்தக் கணக்கு தேறினால் மட்டும் அடுத்த விளம்பரம்.

இந்தியா முழுவதும் விற்பது பற்றி எனக்கு ஆர்வம் இல்லை. ஐந்து லிட்டர் கேன் ஒன்றின் எடையும் பருமனும் சேர்ந்து கூரியர் கட்டணத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துகின்றன என்பதை ஒன்பது பேருக்கு அனுப்பிய அனுபவத்திலேயே பார்த்திருப்பீர்கள். மேலும் தமிழ்நாட்டைத் தாண்டிப் பெங்களூருக்கு ஒரு கேன் விற்றாலும் அது மாநிலங்களுக்கிடையிலான விற்பனை. அதற்கு உங்கள் ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். இணையதளம் விற்க வந்தவர்கள் இதை உங்களிடம் சொன்னார்களா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். வெளியூர் விற்பனை வேண்டுமென்றால் கோவையிலோ சென்னையிலோ உங்கள் ஊர்க்காரர் வசிக்கும் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பைப் பிடித்து, மாதம் ஒருமுறை எல்லோருடைய தேவையையும் ஒன்றாகச் சேர்த்து லாரி புக்கிங்கில் போட்டுவிடுவது நடக்கக்கூடிய வழி. ஒரே இடத்தில் இறங்கும். லிட்டருக்கு ஆகும் செலவும் குறையும். எங்கே அனுப்பினாலும் பாட்டிலில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், நிகர அளவு, அதிகபட்ச விலை, ஆட்டி அடைத்த தேதி, முழு முகவரி ஆகியவை இருக்க வேண்டும். இணையத்தில் விற்றால் அடைத்த தேதி நீங்கலாக மற்றவற்றை அங்கேயும் காட்ட வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அந்த நிறுவனம் தொடங்கிக் கொடுத்த இன்ஸ்டாகிராம் கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? அது எந்த மின்னஞ்சலிலும் எந்தக் கைப்பேசி எண்ணிலும் பதிவாகியிருக்கிறது? ஒப்பந்தம் முடிந்தபின் சொந்தக் கடைப் பெயரிலான பக்கத்துக்குள் நுழைய முடியாமல் தவிப்பவர்கள் எழுதும் கடிதங்கள் எனக்கு அடிக்கடி வருகின்றன. புதிய இணையதளத்துக்கு மறுப்புச் சொல்வதற்கு முன்பாகவே, உறவு நன்றாக இருக்கும் இந்த வாரத்தில், மின்னஞ்சலையும் எண்ணையும் உங்களுடையதாக மாற்றி, கடவுச்சொல்லைப் புதிதாக்கி, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். கூகுள் மேப் பதிவை அவர்கள் ஏற்கெனவே தொடங்கியிருந்தால் அதன் உரிமையாளராகவும் நீங்களே இருக்க வேண்டும். உங்கள் கடைப் பெயரில் ஒரு இணைய முகவரியை மட்டும் இப்போதே உங்கள் பெயரில் பதிவு செய்து வைக்கலாம்; அதற்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம்தான் ஆகும். தளம் போடுவதை, வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களைக் கையால் எழுதி மாளவில்லை என்று உங்கள் மகன் அலுத்துக்கொள்ளும் நாளில் யோசித்துக்கொள்ளலாம்.

மூன்று மாதம் கழித்து அந்த வாடிக்கையாளர் பட்டியலின் எண்களோடு மறுபடி எழுதுங்கள்: எத்தனை குடும்பம் எண் தந்தது, எத்தனை பேர் இரண்டாவது வகை எண்ணெயும் வாங்கத் தொடங்கினார்கள், முக்கால் லிட்டர் எவ்வளவாக மாறியிருக்கிறது என்ற மூன்றும் இருந்தால் போதும்.